புத்தகத்தை மூடிவிட்டுப் படித்தல்

உயிரியல் என்பது ஞாபகசக்தி ஒன்றையே மூலதனமாகக் கொண்டவர்களுக்காக ஏற்பட்ட பாடம் என்ற அபிப்பிராயம் நம் பள்ளிக்கூடங்களில் வெகுகாலமாக வேரூன்றிக் கிடக்கிறது. கணக்கு வராத பிள்ளை உயிரியல் எடுத்துக்கொள்ளட்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் யோசனை சொல்வதும், பௌதிக வகுப்பில் ஒரு சூத்திரம் எப்படி வந்தது என்று ஆசிரியரைத் துளைத்தெடுக்கிற மாணவனே உயிரியல் நோட்டைக் கையில் எடுத்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு நெட்டுருப் போடத் தொடங்குவதும் அந்த அபிப்பிராயத்தின் விளைவுகள்தாம். பாடத்தில் பெயர்கள் மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. பூவின் பாகங்களுக்கும், செல் பிளவுபடும்போது தோன்றும் நிலைகளுக்கும், உடம்பில் சுரக்கும் ஹார்மோன்களுக்கும் தனித்தனியே பெயர் உண்டு. ஆயினும், ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஓர் உறுப்பு நிற்கிறது, அந்த உறுப்புக்கு ஒரு தொழில் இருக்கிறது, அத்தொழில் நின்றால் உடம்புக்கு நேர்கிற கேடு ஒன்று இருக்கிறது என்ற தொடர்பை நழுவவிட்டுப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பவன், 'காரணம் கூறுக' என்று வினாத்தாள் கேட்டவுடன் திகைத்துப்போகிறான்.

இந்த அத்தியாயம் பெரும்பாலும் தமிழ்நாட்டு மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவரை மனத்தில் கொண்டு எழுதப்படுகிறது. அவருக்கு உயிரியலில் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்கு. தாவரவியலுக்கு 35, விலங்கியலுக்கு 35 என்று அது சமமாகப் பங்கிடப்பட்டிருக்கிறது. ஒரு மதிப்பெண் வினாவும் உண்டு, ஐந்து மதிப்பெண் நெடுவினாவும் உண்டு. அவரே மருத்துவக் கல்லூரியை நாடுபவரானால் நீட் தேர்வையும் எழுதவேண்டும். அங்கே 180 வினாக்களில் சரிபாதியான 90 உயிரியலுக்குரியவை. எழுதிக் காட்டும் பரீட்சையும் குறியிட்டுக் காட்டும் பரீட்சையும் வெவ்வேறு திறமைகளை வேண்டுவன போலத் தோன்றினாலும், இரண்டுக்கும் அடிப்படையான படிப்பு ஒன்றே என்பது என் துணிபு. இரசாயனமோ பௌதிகமோ படிப்பவர்களும் உதாரணங்களை மட்டும் மாற்றிக்கொண்டு இம்முறையைக் கையாளலாம்.

பரீட்சை நெருங்கிய ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பிள்ளை விடியற்காலை நாலரைக்கு எழுந்து, தாய் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, மஞ்சளும் பச்சையும் இளஞ்சிவப்புமாகக் கோடிடப்பட்ட பாடப் புத்தகத்தைத் திறந்து, முன்னே மூன்று முறை வாசித்த பாடத்தை நான்காம் முறையாக வாசிக்கிறது. வரிகள் தடையில்லாமல் ஓடுகின்றன. அடுத்த பக்கத்தில் எந்தப் படம் வரும் என்பதுகூடத் தெரிந்திருக்கிறது. ஆகவே 'பாடம் வந்துவிட்டது' என்ற திருப்தியோடு பிள்ளை பள்ளிக்குப் போகிறது. ஏமாற்றம் நிகழும் இடம் இதுதான். தெருவில் தினந்தோறும் எதிர்ப்படுகிற ஒருவரைக் கண்டவுடன் இன்னாரென்று சொல்லிவிடலாம். அவர் முகத்தை ஒரு வெறுந்தாளில் வரைந்து காட்டு என்றால் எத்தனை பேரால் முடியும்? வாசிக்கும்போது நமக்கு உண்டாவது முதல் வகைப் பழக்கம். பரீட்சை நம்மிடம் கேட்பதோ இரண்டாம் வகைக் காரியம். நான்காம் வாசிப்பும் ஐந்தாம் வாசிப்பும் அந்தப் பழக்கத்தை இன்னும் சற்று மெருகேற்றுமேயன்றி, வெறுந்தாளுக்கு முன்னே நம்மைத் தயார் செய்யமாட்டா. வண்ணப் பேனாக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பக்கத்தில் முக்கால் பாகம் மஞ்சளாகிவிட்ட பிறகு, எது முக்கியம் என்பதைக் காட்ட மஞ்சள் தீட்டாத இடத்தைத்தான் தேடவேண்டியிருக்கிறது.

இதைச் சொந்த அபிப்பிராயமாக மட்டும் நான் சொல்லவில்லை. மனித ஞாபகத்தைச் சோதனைக்கு உட்படுத்த முடியும் என்று முதன்முதலில் காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹௌஸ். அர்த்தமற்ற அசைகளை வரிசை வரிசையாக உண்டாக்கி, அவற்றைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே பரிசோதித்து, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். கற்றது முதல் சில மணி நேரத்தில் வெகு வேகமாகவும், பிறகு மெதுவாகவும் நழுவுகிறது என்பதும், ஒரே அமர்வில் திரும்பத் திரும்பப் படிப்பதைக் காட்டிலும் நாள்களுக்கிடையே பரப்பிப் படிப்பது சிக்கனமானது என்பதும் அவர் கண்டவை. 1917இல் அமெரிக்காவில் ஆர்தர் கேட்ஸ் என்பவர் பள்ளிச் சிறுவர்களைக்கொண்டு நடத்திய சோதனையில், கொடுத்த நேரம் முழுவதையும் வாசிப்பிலேயே கழித்தவர்களைக் காட்டிலும், நேரத்தின் பெரும்பகுதியைப் புத்தகத்தைப் பார்க்காமல் ஒப்பித்துப் பார்ப்பதில் செலவிட்டவர்கள் அதிகம் கற்றார்கள். 1939இல் ஹெர்பர்ட் ஸ்பிட்ஸர் அயோவா மாகாணத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 3,605 பேரிடம் ஒரு கட்டுரையைக் கொடுத்து வாசிக்கச் செய்து, வாசித்தவுடன் ஒரு சிறு சோதனை வைக்கப்பட்டவர்கள், அவ்விதம் வைக்கப்படாதவர்களை விட நெடுநாள் நினைவில் கொண்டிருந்ததை நிறுவினார்.

இவற்றையெல்லாம்விட மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது, ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆராய்ச்சி. ஒரு கூட்டத்தார் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள்; மற்றொரு கூட்டத்தார் ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்ப்பதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாக மாறி, எழுதிப் பார்த்தவர்கள் வெகுவாக முன்னேறியிருந்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு வாரத்துக்குப் பிறகு எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் வாசித்த கூட்டத்தார்தாம். 'எனக்கு வந்துவிட்டது' என்று மனம் சொல்வதை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுவதில்லை.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். ஒரு நூலைக் கற்கிற முறையைச் சொல்ல வந்த நன்னூல் ஆசிரியர் பவணந்தியார், பாடத்தைப் போற்றுவதோடு நிறுத்தாமல், கேட்டதைச் சிந்தித்தலையும், ஒத்த மாணாக்கரோடு கூடிப் பயிலுதலையும், வினாவுதலையும், வினாவுக்கு விடையளித்தலையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார். மனப்பாடத்தைப் பழித்து நாகரிகமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மனத்தில் இல்லாத விஷயத்தைப் பற்றி யாரும் சிந்திக்க இயலாது. குறை, நெட்டுருவில் 'ஏன்' என்ற கேள்வி விடுபட்டுப்போவதில்தான் இருக்கிறது.

இனி ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு முறையை நடத்திக் காட்டுவோம். மேல்நிலை முதலாண்டு விலங்கியலில் வருகிற சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளலாம். படம், பெயர், எண், காரணம் ஆகிய நான்கும் அதில் கலந்திருக்கின்றன. முதலில் பேனா பென்சில் எதுவும் கையில் வைத்துக்கொள்ளாமல், தலைப்புகளையும் படங்களையும் கவனித்துக்கொண்டு, பாடம் முழுவதையும் ஒரே ஓட்டமாக வாசியுங்கள். இரண்டாம் முறை நிதானமாக வாசிக்கும்போது, ஒவ்வொரு பத்திக்கும் பக்க ஓரத்தில் ஒரு கேள்வியை எழுதுங்கள். அந்தப் பத்தியே அக்கேள்விக்கு விடையாக இருக்கவேண்டும். பிறகு புத்தகத்தை மூடி, எழுந்துபோய் எட்டாத இடத்தில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். வேடிக்கையாகச் சொல்லவில்லை, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற புத்தகம், சற்றுத் தயங்கியவுடன் தானாகத் திறந்துகொள்ளும்.

இப்போது வெறுந்தாளில் ஒரு நெஃப்ரானை வரையத் தொடங்குங்கள். பௌமானின் கிண்ணத்தையும் அதனுள் முடிச்சாகக் கிடக்கும் கிளாமருலஸையும் அநேகமாக எல்லோரும் வரைந்துவிடுவார்கள். அடுத்து அண்மைச் சுருள் நுண்குழல், கீழே இறங்கி மேலேறும் ஹென்லே வளைவு, சேய்மைச் சுருள் நுண்குழல், கடைசியில் சேகரிப்பு நாளம். குழல் முடிந்ததும் படமும் முடிந்ததென்று எண்ணிப் பெரும்பாலோர் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். கிளாமருலஸுக்குள் ரத்தத்தைக் கொண்டுவரும் நுண்தமனி எங்கே, வெளியே கொண்டுசெல்லும் நுண்தமனி எங்கே, குழலைச் சுற்றிப் பின்னிக் கிடக்கவேண்டிய தந்துகிகள் எங்கே? புறணிக்கும் அகணிக்கும் இடையே கோடு எந்த இடத்தில் வருகிறது? புத்தகத்தைத் திறந்து ஒப்பிட்டு, விட்டுப்போனவற்றைச் சிவப்பு மையால் உங்கள் படத்திலேயே சேருங்கள். மறுநாள் நீங்கள் படிக்கவேண்டியது அச்சிட்ட படத்தையன்று. அந்தச் சிவப்பு மையைத்தான்.

படம் முடிந்த பின்பு காரணங்களுக்கு வாருங்கள். உள்ளே வரும் நுண்தமனி அகலமாகவும், வெளியே போகும் நுண்தமனி குறுகலாகவும் இருப்பானேன்? உள்வழி அகன்று வெளிவழி குறுகினால் இடையிலுள்ள ரத்தத்தின் அழுத்தம் உயர்கிறது. அந்த அழுத்தமே நீரையும் சிறு மூலக்கூறுகளையும் கிண்ணத்துக்குள் வடித்துத் தள்ளுகிறது. இப்படி வடிகிற திரவம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் என்று புத்தகம் சொல்கிறது. நாம் வெளியேற்றுவதோ ஒன்றரை லிட்டர். எண்கள் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவுடனே, நூற்றுக்கு 99 பாகம் திரும்ப ரத்தத்துக்குள் போகவேண்டும் என்பது தானே விளங்கிவிடுகிறது. குழல் இத்தனை நீளமாகவும் சுருண்டும் இருப்பதற்குக் காரணமும், அதைச் சுற்றித் தந்துகிகள் பின்னியிருப்பதற்குக் காரணமும் அதிலேயே அடங்கியிருக்கின்றன. சற்று முன்பு தந்துகிகளை வரைய மறந்தவர் இனி மறக்கமாட்டார்.

இதே இழையைப் பிடித்துக்கொண்டு இன்னும் போகலாம். குளுகோஸ் முழுவதும் அண்மைச் சுருள் நுண்குழலிலேயே மீட்கப்படுகிறது. ஆனால் மீட்கும் சக்திக்கு ஓர் எல்லை உண்டு. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் குளுகோஸ் ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டினால், மிஞ்சியது சிறுநீரில் வெளிப்பட்டுவிடும். நீரிழிவு நோயைப் பற்றி வேறொரு பாடத்தில், ஹார்மோன்களின் வரிசையில், இன்சுலினோடு சேர்த்துப் படித்த செய்தி இங்கே வந்து பொருந்திக்கொள்கிறது. ஹென்லே வளைவின் இறங்கு புயம் நீரை விடுகிறது, ஏறு புயம் விடுவதில்லை என்று வெறும் வாக்கியமாக உருப்போட்டவர் பரீட்சை மண்டபத்தில் இரண்டையும் மாற்றி எழுதிவிடுவார். அகணி ஆழத்துக்குச் செல்லச் செல்ல உப்பு மிகுந்திருக்கிறது, அந்த உப்பு நீரை இழுக்கிறது, உப்பை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது ஏறு புயம் என்று படிப்படியாகச் சொல்லிப் பார்த்தவருக்கு மாற்றி எழுத மனம் வராது. அமெரிக்கப் பாலைவனத்துக் கங்காரு எலிக்கு இவ்வளைவு நீண்டிருப்பானேன் என்று கேட்டால், அதையும் அவரே ஊகித்துச் சொல்லிவிடுவார். சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைந்த நாளில் சிறுநீர் மஞ்சளித்துப்போவது வாஸோபிரஸ்ஸின் என்ற ஹார்மோன் சேகரிப்பு நாளத்தில் செய்கிற வேலை என்பதை அறிந்தவனுக்கு, அந்த நீண்ட பெயர் நாக்கில் இடறுவதும் இல்லை.

ஒரு பாடத்துக்கு இவ்வளவு நேரமா என்று கேட்பீர்கள். முதல் தடவை அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும். இரண்டு மணி நேரம் வாசித்துப் பெறுகிற திருப்தி இதில் கிடைக்காது. பாதி தெரியவில்லை என்ற சங்கடந்தான் கிடைக்கும். அந்தச் சங்கடம் இல்லாமல் படிக்க வழி இருப்பதாகச் சொல்கிற விளம்பரங்களை நம்பாதிருப்பது நலம்.

படம் வரைவதைப் பற்றி ஒரு சொல். 'படம் வரைந்து பாகங்களைக் குறி' என்ற வினாவுக்குச் சித்திரக் கலைஞராக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. நிழல் தீட்டுதல், வண்ணம் பூசுதல் முதலியன நேரத்தை விழுங்குவதோடு உருவத்தையும் மறைத்துவிடும். கூரான பென்சிலால் ஒரே தெளிவான கோடு, பாகங்களின் விகிதம், ஒன்றையொன்று வெட்டாமல் வலப்புறமாக நீளும் குறிகோடுகள், அவற்றின் முனையில் எழுத்துப்பிழையற்ற பெயர்கள், படத்தின் கீழே தலைப்பு ஆகிய இவ்வளவே போதும். பெரிய படங்களை, அதாவது கருப்பையோ சூல்பையோ வெட்டுத்தோற்றமாக வருவதை, மூன்று நான்கு கோடுகளில் எலும்புக்கூடாக முதலில் வரைந்து, அதன்மேல் பாகங்களைச் சேர்க்கும் ஒழுங்கை ஒவ்வொரு தடவையும் மாற்றாமல் கடைப்பிடித்தால், கை தானே நினைவு வைத்துக்கொள்ளும்.

மரபியல் பாடத்தை உயிரியல் என்று நினைத்துப் படிப்பதைவிடக் கணக்கு என்று நினைத்துப் போடுவது நல்லது. மெண்டல் பட்டாணிச் செடியில் 7 ஜோடிப் பண்புகளை எடுத்து ஆராய்ந்தார், விகிதம் 3:1, இருபண்புக் கலப்பில் 9:3:3:1. இவ்வளவையும் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். மெண்டல் தோட்டத்தில் உண்மையில் கிடைத்த எண்களை எடுத்துக்கொண்டு எத்தனை பேர் வகுத்துப் பார்த்திருக்கிறார்கள்? உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850. வகுத்தால் 2.96 வருகிறது, மூன்று வருவதில்லை. இருபண்புக் கலப்பில் அவர் எண்ணிய விதைகள் 556. அதைப் பதினாறால் வகுத்தால் பங்கொன்றுக்கு 34.75, ஒன்பது பங்கு 312.75, மூன்று பங்கு 104.25. அவருக்குக் கிடைத்தவையோ 315, 108, 101, 32. விகிதம் என்பது இயற்கை எழுதிக்கொடுத்த சட்டமன்று, பெரிய எண்ணிக்கையில் தலைகாட்டும் சாத்தியக்கூறு என்பதை இந்த ஒரு வகுத்தல் கற்பிப்பதுபோல் எந்த விரிவுரையும் கற்பிக்காது. இதன்பின் புன்னட் கட்டத்தை வெறுந்தாளில் போடுங்கள்; சோதனைக் கலப்புக்கு ஒன்று, அந்திமந்தாரையில் இளஞ்சிவப்பு மலர் வருகிற முழுமைபெறா ஓங்குதன்மைக்கு ஒன்று. மரபியலில் பார்த்துப் புரிந்துகொண்ட கணக்கு புரியாத கணக்கே. போட்டுப் பார்த்ததே புரிந்தது.

எப்போது படிப்பது என்பது எப்படிப் படிப்பது என்பதற்குக் குறைந்த விஷயமன்று. இன்று எழுதிப் பார்த்த பாடத்தை நாளை ஒருமுறை, நாலைந்து நாள் கழித்து ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை, பிறகு திருப்புதல் தேர்வுக்கு முன் ஒருமுறை என்று இடைவெளியைப் பெருக்கிக்கொண்டே போகவேண்டும். ஒவ்வொரு தடவையும் சிறிது மறந்திருக்கும். மறந்ததை முயன்று மீட்பதில்தான் நினைவு உறுதிப்படுகிறது. ஆகையால், காலாண்டுக்கு முன் முடித்த பாடத்தை 'அது முடிந்துவிட்டது' என்று மூடிவைத்து, மார்ச் மாதத்தில் திறந்து பார்த்துத் திடுக்கிடுகிற வழக்கத்தைக் கைவிடவேண்டும். தாவரவியல் முழுவதையும் முடித்துவிட்டு விலங்கியலுக்குப் போகிறேன் என்று சபதம் செய்வதும் எனக்கு உசிதமாகத் தோன்றவில்லை. பரீட்சையில் இரண்டும் ஒரே நாளில் வருகின்றன. இரண்டையும் மாற்றி மாற்றிப் படிப்பவர், மகரந்தச் சேர்க்கையையும் மனித இனப்பெருக்கத்தையும் அருகருகே வைத்து, ஒப்புமையும் வேற்றுமையும் காணும் வாய்ப்பையும் பெறுகிறார்.

ஒரு மதிப்பெண் வினாக்களுக்கும் நீட் வினாக்களுக்கும் வேண்டிய துணுக்குச் செய்திகளுக்கு ஒரு சுலபமான உபாயம் உண்டு. ஸெபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியப் பத்திரிகையாளர் 1970களில் இதைப் பிரபலப்படுத்தினார். அஞ்சலட்டை அளவுக்கு வெட்டிய தாளின் ஒரு புறம் கேள்வி, மறுபுறம் விடை. சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த பெட்டிக்குப் போகிறது. தவறிய சீட்டு முதற்பெட்டிக்கே திரும்புகிறது. முதற்பெட்டியை நாள்தோறும், அடுத்தவற்றை நாள் இடைவிட்டும் எடுத்துப் பார்க்கவேண்டும். கல்யாணப் பத்திரிகை உறைகளைப் பெட்டியாக வைத்துக்கொண்டால் செலவும் இல்லை. சீட்டை நீங்களே எழுதவேண்டும் என்பது மட்டும் முக்கியம். கடையில் அச்சிட்டு விற்கும் சீட்டுக்கட்டில் பாதி வேலையை வேறொருவர் செய்துவிட்டிருக்கிறார்.

கைடுகளையும், 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்' என்ற பெயரால் கைபேசியில் சுற்றிவரும் தாள்களையும் பற்றிப் பலர் கேட்பதுண்டு. பாடப் புத்தகத்துக்குப் பதிலாகக் கைடைப் படிப்பவர், காரணங்கள் கழிக்கப்பட்ட பாடத்தைப் படிக்கிறார். பழைய வினாத்தாள்கள் அப்படிப்பட்டவையல்ல. மூன்று நான்கு ஆண்டுத் தாள்களைச் சேகரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடிகாரத்தை முன்னே வைத்துக்கொண்டு, மூன்று மணி நேரம் இடையில் எழாமல் எழுதிப் பாருங்கள். எழுதியதைத் திருத்தும்போது, தெரியாமல் விட்டது எது, தெரிந்தும் நேரமில்லாமல் விட்டது எது, தெரிந்ததாக எண்ணித் தவறாக எழுதியது எது என்று பிரித்துக் குறியுங்கள். மூன்றாம் வகையே ஆபத்தானது. நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 கொடுத்து, தவறான விடைக்கு 1 கழிப்பது அந்த வகையைத்தான் தண்டிக்கிறது.

கூடிப் படிப்பதில் பயன் உண்டு, கூட்டம் மூன்று பேருக்கு மேற்படாதிருந்தால். ஒருவர் புத்தகத்தைப் பார்க்காமல் விளக்கவேண்டும். மற்றவர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு குறுக்கே கேட்கவேண்டும். துணைக்கு ஆள் இல்லாதவர்கள், அடுப்படியில் வேலையாயிருக்கும் தாய்க்கோ பாட்டிக்கோ இதயத்தின் அறைகளையும் ரத்த ஓட்டத்தையும் விளக்கிச் சொல்லலாம். "அந்த ரெண்டு அறையும் ஒண்ணா இருந்தா என்னடா கெட்டுப்போச்சு?" என்று பாட்டி கேட்கிற ஒரு கேள்வி, ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தமும் குறைந்த ரத்தமும் கலக்காதிருக்க வேண்டிய காரணத்துக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

தூக்கத்தைக் குறைத்துப் படிப்பதைத் தியாகமாகக் கொண்டாடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. 1924இல் கார்னெல் சர்வகலாசாலையில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்பவர்கள் இரண்டு மாணவர்களைக் கொண்டு நடத்திய பரிசோதனையில், கற்றபின் உறங்கியபோது மறந்தது குறைவு, விழித்திருந்தபோது மறந்தது அதிகம் என்று தெரிந்தது. பின்வந்த ஆராய்ச்சிகளும் இதையே வலியுறுத்துகின்றன. பரீட்சைக்கு முந்திய இரவு புதிய பாடம் எதையும் தொடவேண்டாம். சிவப்பு மை பட்ட படங்களையும் முதற்பெட்டியில் தங்கிப்போன சீட்டுகளையும் ஒரு மணி நேரம் புரட்டிவிட்டுப் படுத்துக்கொள்வதே அன்றைய படிப்பு.

செய்முறைத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரெக்கார்டு நோட்டை வேறொருவர் நோட்டைப் பார்த்து எழுதி முடித்தவர்களுக்கே அது பயங்கரமானது. நுண்ணோக்கியில் முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் பொருளைத் தேடிக் கண்டுபிடித்து, நடுவே கொண்டுவந்து, அதன் பிறகே அதிக உருப்பெருக்கத்துக்கு மாற்றவேண்டும். வெங்காய வேர்நுனி ஸ்லைடில் எல்லாச் செல்லும் புத்தகப் படத்தைப் போல அழகாக இருக்காது. பலவற்றைத் தாண்டியபின் ஒரு நல்ல மெட்டாஃபேஸ் அகப்படும். அதைத் தேடிய கண்ணுக்கு, தேர்வு நாளில் மேஜைமேல் வைத்திருக்கிற ஸ்பாட்டர் புதியதாகத் தோன்றாது.

கடைசியாக, பரீட்சை மண்டபம். வினாத்தாளை வாசிப்பதற்கென்றே தருகிற பத்து நிமிஷத்தில், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டிய நெடுவினாக்களை முதலில் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள். எழுதத் தொடங்கிய பிறகு மனத்தை மாற்றுவதைப்போல் நேரத்தைத் தின்பது வேறில்லை. ஐந்து மதிப்பெண் வினாவுக்குப் படம் கேட்கப்படாவிட்டாலும், பொருத்தமானால் சிறு படம் ஒன்று போட்டு, விடையைத் தனித்தனிக் கருத்துகளாகப் பிரித்து எழுதுங்கள். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு ஒரு பக்கம் எழுதி உங்கள் புலமையைக் காட்டவேண்டாம். கடைசிப் பத்து நிமிஷத்தில் புதிதாக எதையும் எழுதாமல், வினா எண்களையும், படங்களின் குறிகோடுகளையும், ஒரு மதிப்பெண் வினாக்களில் விட்டுப்போனவை உண்டா என்பதையும் சரிபாருங்கள். எண் மாறிக் கிடக்கும் நல்ல விடையைத் தேடிப் பிடிக்கிற சிரமத்தை, நூற்றுக்கணக்கான தாள்களுக்கிடையே உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்கு வைத்துவிடாதீர்கள்.